வெங்காய வண்டிக் கம்பெனி

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு நாகராஜன் சார் புதுக் கார் எடுத்தார். கே.கே. நகரில் புதுக் கார் வருவது ஒன்றும் அதிசயமில்லை. தெருவில் பாதியைக் கார்கள்தான் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒதுங்கி ஒதுங்கித்தான் கீரை வாங்கப் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் கற்பூர வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். வேடிக்கை பார்க்கிற புத்தி என்னை விட்டு எங்கே போகும்? டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, நாகராஜன் சாரின் மனைவி பால்கோவா தட்டோடு வந்தார். "மாசக்கணக்கா வெயிட்டிங்குங்க! ஆள் புடிச்சு, சொல்லி வெச்சு, ஒருவழியா கிடைச்சுது. இந்தக் கம்பெனி வண்டின்னா இப்பல்லாம் அடிச்சுக்கறாங்க" என்றார்.

எந்தக் கம்பெனி என்று வண்டியின் முகத்தைப் பார்த்தேன். அதே முத்திரை. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் "எங்க வீட்லயும் அதுதானே" என்பீர்கள், அதுவும் பெருமையாக. அந்தப் பெருமையைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கொஞ்சம் முன்னாலேயே பெருமைப்பட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஒரு பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் பட்டிருந்தால் என் அண்ணன் இந்த ஊரில் இருந்திருப்பார்.

"உள்ள உக்காந்து பாருங்க" என்று அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தேன். சீட்டின் பிளாஸ்டிக் உறை மொறுமொறுவென்றது. புதுக் காருக்கென்று ஒரு வாசனை உண்டே, பிளாஸ்டிக்கும் பசையும் கலந்து மூக்கில் ஏறுகிற அந்த வாசனை. எனக்கு அது அண்ணியின் வாந்தி வாசனை. சிரிக்காதீர்கள். இதே கம்பெனி வண்டி வாங்கியபோது அண்ணன் அந்த உறையைப் பிரிக்கவே விடவில்லை. வேர்வையில் முதுகு ஒட்டிக்கொண்டு, எழுந்திருக்கும்போது பர்ரென்று சத்தம் வரும். பிள்ளையுண்டாகியிருந்த அண்ணிக்கு அந்த நெடி ஆகவே ஆகாது. வண்டி எடுத்த கையோடு சமயபுரம் போனோம்; கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் அண்ணி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். "வாந்தி எடுத்தா வண்டிக்கு ராசிதான்" என்று அண்ணன் அளந்துவிட்டார். அப்படி ஒரு சாஸ்திரம் எங்குமே கிடையாது. வாய்க்கு வந்ததைச் சாஸ்திரமாக்கிவிடுவது அண்ணனுக்குக் கைவந்த கலை.

அண்ணன் பெயர் சேகர். வண்டி வாங்குவதற்கு முன்னால் அவர் ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தார். கல்யாண மண்டபத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்கு வெளியே, கிளப்புக்கு வெளியே என்று எங்கே போனாலும் வெளியே நிற்கிற உத்தியோகம். "என் ஆயுசுல பாதி அடுத்தவன் கேட்டுக்கு வெளியிலயே போயிடும்போல இருக்கு" என்பார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். திருவெள்ளறையில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை விற்றோம். அண்ணியின் வளையல்களும் போயின. சொந்தமாக வண்டி வாங்கி ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அது நடக்காவிட்டால் இன்னொரு ஏற்பாடு தயாராக இருந்தது. அண்ணியின் தம்பி முரளி கையில் ஓர் ஏஜென்ட் இருந்தார். அரபு நாட்டில் வீட்டு டிரைவர் வேலை. முரளி எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் காபி குடித்து முடிப்பதற்குள் அந்தப் பேச்சை எடுத்துவிடுவார். அண்ணனும் விடாமல், "என் பிள்ளை பொறக்கறப்ப நான் இந்த ஊர்ல இருப்பேன். எழுதி வெச்சுக்கோ" என்பார். ஆக, அந்த வண்டி ஓடினால் அண்ணன் இங்கே, ஓடாவிட்டால் அங்கே. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், வயிற்றிலிருந்த பிள்ளையைத் தவிர.

அந்த நாளில் வாடகை வண்டி என்றால் ஜனங்கள் வாயில் ஒரே ஒரு பெயர்தான். வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய வண்டி. எங்களிடம் இருந்த பணத்துக்கு அதில் ஏழெட்டு வருஷம் ஓடித் தேய்ந்ததுதான் கிடைக்கும். அதே பணத்துக்கு இந்த உள்ளூர்க் கம்பெனியில் பளபளவென்று புது வண்டியே கிடைத்தது. அண்ணன் லேசில் முடிவெடுக்கவில்லை. ஷோரூமில் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து வண்டிக்கடியில் புகுந்துவிட்டார். டை கட்டிய பையன், "சார், சார்" என்று பதறிக்கொண்டு இரண்டு கால்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். வெளியே வந்து கதவுத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார், கடைசி வரிசை சீட்டில் போய் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார். "பாரு, முட்டி இடிக்கலை. ஏசி கடைசி சீட்டு வரைக்கும் வருது. ஸ்பேர் பார்ட்ஸ் துறையூர்ல கூடக் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு அதைவிட அதிகமா ஓடும். இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்?" என்றார்.

முரளிதான் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் சரி மாமா. காந்தி மார்க்கெட் போயிருக்கீங்கல்ல? வெங்காயம் இறக்குற வண்டி முகத்துல என்ன முத்திரை இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறோம். யார்தான் பார்க்கவில்லை? அந்தக் கம்பெனி முதலில் லோடு வண்டிகளைத்தான் செய்துகொண்டிருந்தது. விடியற்காலையில் மார்க்கெட்டுக்குள் போனால் தக்காளி, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் அந்த முத்திரைக்குப் பின்னால்தான் வந்து இறங்கும். "மூட்டையையே தாங்குற வண்டி மனுஷனைத் தாங்காதா?" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நியாயத்தில் இன்றைக்கும் என்னால் ஓர் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்?

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியைத் தட்டி வைத்து மறைத்து டிராவல்ஸ் தொடங்கினோம். நான் காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். டெலிபோன் எடுக்கிற வேலை எனக்கு. ஜெராக்ஸ் மெஷினின் சூடும் மையின் வாசனையும் என் பக்கமே வீசும்; சாயந்திரம் வீட்டுக்குப் போனால் அம்மா, "என்னடி, கருகின வாசனை வருது" என்பாள். குரலை மட்டும் நன்றாகத்தான் வைத்திருந்தேன். ரேடியோவில் செய்தி வாசிக்கப் போகிறவள் மாதிரி ஒரு குரல். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"வணக்கம்ங்க, சொல்லுங்க."

"நாளைக்கு ஆறு பேர். ஸ்ரீரங்கம், திருவானைக்கா, சமயபுரம். வண்டி இருக்கா?"

"இருக்குங்க சார். புது வண்டி, ஏசி, எட்டு சீட்டு, தாராளமா உக்காரலாம்."

"என்ன வண்டி?"

"வெள்ளைக் கலர் சார். டிரைவர் ரொம்ப நல்ல மாதிரி."

"அதில்லம்மா. என்ன வண்டி?"

அந்த இடத்தில் நான் வண்டியின் பெயரைச் சளி பிடித்தவள் மாதிரி மூக்குக்குள்ளேயே முணுமுணுப்பேன். ஒன்றும் பலிக்காது. எதிர்முனையில் தொண்டையைச் செருமுவார்கள். பிறகு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்மா." வீட்டில் கேட்டுவிட்டு ஒரு ஜீவனும் திரும்பக் கூப்பிட்டதில்லை. சிலர் நேராகவே சொல்லிவிடுவார்கள். "அமெரிக்காலேர்ந்து சித்தப்பா வராரும்மா, அவரைப் போய் அதுலயா?" அந்தச் சித்தப்பாக்களுக்கு அமெரிக்காவில் அப்படி என்னதான் முதுகு வாய்த்துவிட்டதோ தெரியவில்லை.

வராதவர்களைச் சொல்லிவிட்டு வந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் வருவார்கள். காதுகுத்து, ஆஸ்பத்திரி, பழனி முடியிறக்கம். பெயர் கேட்க மாட்டார்கள். எட்டு சீட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்பார்கள். என்ன சொன்னாலும் அதற்கு மேல் ஏறுவார்கள். போகிற வழியெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டே வருவார். எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது, எந்தக் கடையில் பரோட்டாவுக்குச் சால்னா நன்றாக இருக்கும், எந்த மாமியார் எந்த மருமகளைக் கண்ணீர் விட வைத்தாள் என்று. பாதி கேள்விப்பட்டது, மீதி சொந்தச் சரக்கு. இறங்கும்போது, "தம்பி, உன் பேச்சுக்கே காசு குடுக்கலாம்" என்பார்கள். ஆனால் விவசாயிகளுக்கு மாதத்துக்கு எத்தனை காதுதான் குத்துவது? அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. அவர்களும் வெளிநாட்டு வண்டிதான் வைத்தார்கள். பெரியவர் எங்கள் தட்டி மறைவுக்கே வந்து பத்திரிகை வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க தம்பி. சம்பந்தி வீட்டுக் கண்ணுல படணும்ல" என்று தலையைச் சொறிந்தார். அண்ணன், "அய்யய்யோ, இதுல என்னங்க இருக்கு" என்றார். அவர் போனபிறகு அந்தப் பத்திரிகையால் வெகுநேரம் விசிறிக்கொண்டே இருந்தார், தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அப்புறம்தான் ஒன்று செய்தார். வண்டி முகத்திலிருந்த முத்திரையைக் கழற்றிவிட்டார். பின்னால் இருந்த எழுத்துகளையும் ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டி உரித்துவிட்டார். அண்ணியின் ஹேர் டிரையர். பெயரே இல்லாத வண்டி என்றால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒரு யோசனை. முகத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் மிச்சம் இருந்தன. மறுநாள் சவாரிக்கு வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "ஏங்க, இது அடிபட்ட வண்டியா? ஆள் கீள் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பேருந்தில் போய்விட்டார். லோடு வண்டியாக இருந்தது எமன் வண்டியாகிவிட்டது! முத்திரையைத் திரும்ப ஒட்டினோம். அது லேசாகக் கோணிக்கொண்டு நின்றது. அன்றைக்கு நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணி சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார்.

பூவால் மூடலாம் என்பது அண்ணனுக்குத் தற்செயலாகக் கிடைத்த யோசனை. மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர் ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு எங்கள் வண்டியைத்தான் வைத்தார். அவருக்கு அந்த முத்திரை குலதெய்வம் மாதிரி. சாத்தார வீதிப் பூக்காரர் வண்டி முகத்தில் பெரிய ரோஜாப்பூப் பந்து ஒன்றைக் கட்டி, இரண்டு பக்கமும் சம்பங்கிச் சரங்களை இழுத்துவிட்டார். பின்னால் மணமக்கள் பெயர் எழுதிய தெர்மோகோல் பலகை. பார்த்தால் ராஜா வீட்டு வண்டி! அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார், இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார். "பூ இருக்கிற வரைக்கும் இது எந்தக் கம்பெனின்னு பெருமாளுக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்தத் தை மாதம் கல்யாண வண்டிக்கு மட்டுமே ஆர்டர் பிடித்தோம். பூ அலங்காரம் எங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் முக்கால்வாசிப் பேர் என்ன வண்டி என்று கேட்கவில்லை. வீடு முழுக்கச் சம்பங்கி வாசனை. டீசலும் சம்பங்கியும் கலந்தால் ஒரு மாதிரி இனிப்பாக, தலையைச் சுற்றுகிற மாதிரி இருக்கும். அண்ணிக்கு அதிசயமாக அது ஒத்துக்கொண்டது. ஏழாம் மாதம். முரளி வந்து காபி குடித்துவிட்டு ஏஜென்ட் பேச்சை எடுக்காமலே போனார். பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

மாசியில் வரதன் சார் வீட்டுக் கல்யாணம் வந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். உத்திர வீதியில் வீடு. அவர் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எங்கள் வண்டியைத்தான் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு டீசலுக்கு எவ்வளவு தூரம் என்று மனக்கணக்குப் போட்டு, "சேகர், உன் வண்டியை அடிச்சுக்க ஒண்ணு கிடையாதுடா. ஜனங்களுக்குக் கணக்கு தெரியலை" என்பார். மகள் கல்யாணத்துக்கு ஜானவாச வண்டியாக எங்கள் வண்டியையே வைத்தார். ஜானவாசம் என்றால் முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை மேளதாளத்தோடு காரில் உட்காரவைத்து வீதி வழியாக அழைத்து வருவது. மாப்பிள்ளை வீட்டார் சென்னை. கல்யாணப் பெண் எனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள் என்பதால் நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

வண்டி முகம் தெரியாமல் பூ. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருடைய மாமா ஒருவர், வைரக் கடுக்கன், முன் சீட்டில் ஏறினார். ஏறியவர் பக்கத்தில் திரும்பினார். ஸ்டியரிங்குக்கு நடுவில் அந்த முத்திரை. அதில் எப்படிப் பூக் கட்டுவது?

மாமா இறங்கிவிட்டார். "என்ன ஸ்வாமி இது! காய்கறி ஏத்தற வண்டியிலயா எங்காத்து மாப்பிள்ளையை அழைச்சுண்டு போகப் போறேள்?"

வரதன் சார் ஓடி வந்தார். "வண்டி ரொம்ப நன்னா இருக்கும். நானே எத்தனையோ தடவை போயிருக்கேன். நாள் பூரா ஒக்காந்தாலும் முதுகு வலிக்காது."

"முதுகைப் பத்தி யார் கேட்டா? நாலு பேர் பார்க்கற கார்யம் இது. மாப்பிள்ளையை எறங்கச் சொல்லுங்கோ."

மாப்பிள்ளை இறங்கினார். மகராசன், கோட்டில் ஒட்டியிருந்த ரோஜா இதழைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவருடைய சிநேகிதர்கள் சென்னையிலிருந்து ஓட்டிவந்த வெளிநாட்டு வண்டி ஓரமாக நின்றது. அதே ஜனங்களின் செல்ல வண்டி, வழியெல்லாம் அப்பிய புழுதியோடு. அதில்தான் போவது என்று ஆயிற்று. ஆனால் அதில் பூ இல்லை. பூக்காரர் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வரதன் சார் வியர்த்துப்போய் நாலு பக்கமும் பார்த்தார், ஆனால் அண்ணன் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அண்ணன்தான் போனார். "பூ வாடிடும் சார். நான் மாத்திக் கட்டிடறேன்" என்றார். தன் வண்டியின் முகத்திலிருந்து அந்தப் பந்தை அவிழ்த்தார். நார் முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். சம்பங்கிச் சரங்களை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே நின்ற வண்டிக்குப் போனார், அதன் புழுதியைத் தன் துண்டால் துடைத்தார், கட்டினார். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதிர்ந்த பூக்களுக்கு நடுவே எங்கள் வண்டி கோணல் முத்திரையோடு நின்றது. எனக்கு அந்த மாமாவின் கடுக்கனைக் காதோடு பிடுங்க வேண்டும்போல இருந்தது. பட்டுப்புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

மேளம் கொட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். யாரோ ஒருவர் ரொம்ப இயல்பாகச் சொன்னார்: "டிரைவர், வண்டி சும்மாதானே இருக்கு? பட்சணக் கூடை, பாத்திரமெல்லாம் ஏத்திண்டு பின்னாடியே வந்துடுங்கோ." அண்ணன் சீட்டுகளை மடக்கினார். முறுக்குக் கூடையும் அதிரசக் கூடையும் அண்டாவும் ஏறின. அன்றைக்கு எங்கள் வண்டி உண்மையாகவே லோடு வண்டியாகத்தான் போனது, ஊர்வலத்தின் கடைசியில்.

மண்டபத்துக்குப் பின்னால் கூடைகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வரதன் சார் வந்தார். கண் கலங்கியிருந்தது. "பொண்ணு கல்யாணம்டா சேகர். நான் எப்படிடா வாயைத் திறப்பேன்?" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன், "பரவால்ல சார், நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றார். பேசியபடி வாடகையைக் கொடுத்தார், அண்ணன் வாங்கிக்கொண்டார். வீசி எறிந்துவிட்டு வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வீட்டில் எட்டாம் மாதக்காரி இருக்கும்போது யார் எறிவார்கள்?

திரும்பி வரும்போது அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வண்டியில் ஏறிப் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. நான்தான் அந்த மாமாவை ஆதியோடந்தமாகத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "விடு. அந்தாள் இல்லன்னா இன்னொரு ஆள் சொல்லியிருப்பான். ஊருக்கே பிடிக்கலை. ஊர் பூராவையும் நான் எத்தனை பூ வெச்சு மூடறது?" என்றார். மறுநாள் காலையில் முரளிக்கு அவரே போன் செய்தார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வண்டியைத் துறையூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். மூன்றாவது கியரை எப்படிப் பதமாகப் போட வேண்டும், மழையில் எந்தக் கதவின் ரப்பர் ஒழுகும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே போனார். "சரிங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சாவியைத் திருகிவிட்டார். அண்ணி அண்ணனின் சட்டைகளை மடித்து மடித்துப் பெட்டியில் வைப்பார், பிறகு வெளியே எடுத்துத் திரும்ப மடிப்பார். "ஏங்க, பிரசவம் முடிஞ்சு போகக் கூடாதா?" என்று கேட்டார். விசா அதுவரைக்கும் காத்திருக்காது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

ஏர்போர்ட்டுக்குப் போக முரளி வாடகை வண்டி கொண்டுவந்தார். எந்த வண்டி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "வெளிநாடு போறவர் இதுல போனாதான் மாமா மதிப்பு" என்றார். கெட்ட மனசு கிடையாது அவருக்கு. நிஜமாகவே மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். அண்ணன் ஏறி உட்கார்ந்து கதவுத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "நம்மளுதை விட மெல்லிசுதான்" என்று கண்ணடித்தார். அண்ணி அப்போதும் சிரித்தார். அது அண்ணன் எங்களைச் சிரிக்க வைத்த கடைசித் தடவை என்று யாருக்குத் தெரியும்?

பெண் குழந்தை பிறந்தது. போனில் அழுகைச் சத்தத்தைக் கேட்கவைத்தோம். பவித்ரா என்று பெயர் வைத்தோம். அவள் நடந்தது, பேசியது, பள்ளிக்கூடம் போனது எல்லாவற்றையும் அண்ணனுக்குப் போனில்தான் சொன்னோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். குழந்தை அவரைப் பழகிக்கொள்வதற்குள் கிளம்பிவிடுவார்.

அம்மா மண்டபம் ரோட்டில் அந்த ஜெராக்ஸ் கடை இப்போது இல்லை. வரதன் சார் இல்லை. யாரும் யாருக்கும் போன் செய்து என்ன வண்டி என்று கேட்பதில்லை. செல்போனில் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒன்று வாசலுக்கு வருகிறது. அந்த முத்திரை மேல் இருந்த இளக்காரம்கூட இந்த ஊரிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. எப்போது போனது, யார் போகச் சொன்னார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. போவதுதான் போனது, என் அண்ணன் விமானம் ஏறுவதற்கு முன்னால் போயிருக்கக் கூடாதா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது? பால்கோவா கொடுத்த அந்த அம்மாவிடமா?

இந்த முறை அண்ணன் லீவில் வந்திருந்தபோது பவித்ராவின் பிறந்தநாளுக்குக் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனோம். எங்கள் வீட்டுக் காரை அண்ணன்தான் ஓட்டினார். நானும் அண்ணியும் பவித்ராவும் பின்னால் உட்கார்ந்தோம். பேச்சே இல்லை. "ஏதாவது சொல்லுண்ணா" என்றேன். "வண்டி ஓட்டறப்ப பேசக் கூடாதும்மா, அங்க அவங்களுக்குப் பிடிக்காது" என்றார். அங்க என்றார், நாங்கள் பாலக்கரையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கழித்து, திரும்பாமலே, "ஏசி போதுமா?" என்று கேட்டார்.

ஹோட்டல் வாசலில் வண்டியை மெல்ல நிறுத்தினார். நாங்கள் கைப்பையைத் தேடி எடுப்பதற்குள் இறங்கி, சுற்றி வந்து, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பார்வை தரையில். பவித்ரா செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

"ஓகே மேடம்" என்றார் அண்ணன்.

அப்பா தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கதவைப் பிடித்தபடியே, நாங்கள் இறங்குவதற்காக நின்றுகொண்டிருந்தார்.